டெசர்ட்டா, டிசர்ட்டா?

தி.நகரில் ஜவுளிக்கடை நடத்தும் பஞ்சாட்சரம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மகள் சிந்துவைப் பெண் பார்க்க அபிராமபுரத்திலிருந்து வந்திருந்தார்கள். "அவங்க வீட்ல இங்கிலீஷ்தான். ஒரு வார்த்தை தப்பாச்சுன்னா சம்பந்தம் போயிடும்" என்று தரகர் முன்பே எச்சரித்திருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா கனகராஜ், தட்டிலிருந்த கேசரியைக் காட்டினார்.

"இது டெசர்ட்டா, டிசர்ட்டா?"

சமையலறை வாசலில் நின்ற செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"டிசர்ட்," என்றார் அவள் கணவர் பஞ்சாட்சரம். "ரெண்டு எஸ். ஒரு எஸ் போட்டா பாலைவனம்."

"எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"இனிப்பை ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்குவோம். அதனால ரெண்டு எஸ். பாலைவனத்துக்கு..."

"...ரெண்டாவது தடவை எவனும் போகமாட்டான்," என்று கனகராஜ் முடித்தார்.

இருவரும் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தார்கள். கனகராஜ் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, நீங்களும் நந்தனம் மதிவாணன் சார்கிட்டயா இங்கிலீஷ் படிக்கீங்க?"

"ஆமா. காலை பேட்ச். நீங்க?"

"சாயங்கால பேட்ச். உங்க வீட்ல இங்கிலீஷ்தான்னு தரகர் பயமுறுத்திட்டாரு. வியாபார நேரத்துல கடையை விட்டுட்டுல்லா ஓடுதேன்."

பஞ்சாட்சரம் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்தார்.

"வெளிய சொல்லிராதீங்க, அண்ணாச்சி. ரெண்டு குடும்பத்துக்கும் மரியாதை," என்றார் கனகராஜ்.

"மூச்சு விடமாட்டேன். நாளையிலேருந்து காலை பேட்ச்சுக்கே வந்துருங்க, சம்பந்தி. பக்கத்துல இடம் பிடிச்சு வைக்கேன்."