பெரியவரின் கால்

"ஆக்சிலேட்டரை மிதிச்சா காரு திணறுது தம்பி, சிக்னல்ல நின்னே போயிடுது. என் காலுக்குத்தான் வயசாயிடுச்சோ?" பெரியவர் சிரிக்க முயன்றார்.

மெக்கானிக் காரில் ஸ்கேனரை மாட்டினான். பெட்ரோல் அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்குவதாக ஸ்கேனர் காட்டியது. தனியாக ஒரு மீட்டரை மாட்டிப் பார்த்தான். அழுத்தம் ஆடாமல் அசையாமல் நின்றது.

"பம்பு நல்லாருக்கு ஐயா. அளவு சொல்ற சென்சார்தான் பொய் சொல்லுது."

புது சென்சார் பொருத்தியதும் பெரியவர் தெருவை மூன்று முறை சுற்றி வந்தார். வண்டி ஒருமுறைகூடத் திணறவில்லை.

"ஆண்டவா, காப்பாத்தினே!" மெக்கானிக் கைகூப்பினான்.

"என்னப்பா, என்னைவிட நீ சந்தோஷப்படறே?"

அவர் கிளம்பியதும் அவர் மகளுக்குப் போன் போட்டான்.

"அக்கா, நேத்து நீங்க சொல்லச் சொன்ன பொய்யை நான் சொல்லலை."

"ஐயோ, வண்டி இனி தேறாதுன்னு சொல்லுங்கன்னு கெஞ்சினேனே! வயசாச்சு, ஓட்டாதீங்கன்னு நான் சொன்னா அப்பா உடைஞ்சிடுவார்..."

"தப்பு அவர் கால்ல இல்லக்கா, சென்சார்ல. இப்போ வீட்டுக்குத்தான் வர்றார். சாவியைக் கேட்காதீங்க. 'என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கப்பா'ன்னு கேளுங்க."