காக்கைச் சத்தம் விழுந்த மெட்டு

குளியலறைக் கதவைத் தாழிட்டாள் இசக்கி.

வாளிக்குள் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். குழாயைச் சொட்டும் அளவுக்கு மட்டும் திறந்தாள். துண்டு சுற்றிய போனைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

சொட்டு தட்டில் விழும் ஓசை வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

மூச்சை அடக்கினாள்.

தெருமுனையில் ஒலிபெருக்கி அலறியது.

போச்சு. தேர்தல் வந்ததிலிருந்து ஒரு சத்தத்தையும் உருப்படியாகப் பிடிக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பதிவை அழிக்கப் போனாள்.

விரல் நின்றது.

அந்த மெட்டு.

வாசலுக்கு ஓடி வந்தாள். பிரச்சார ஆட்டோ ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் தலையில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியிலிருந்து அவளுடைய குரல் வந்தது.

வார்த்தை இல்லாத ஹம்மிங். அரைக்குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு அவள் தட்டிய தாளம். போர்வைக்குள் புழுங்கிப் பாடியபோது தப்பான இடத்தில் இழுத்த மூச்சு.

கூரைத் தகரத்தில் உட்கார்ந்து கரைந்த காக்கைகூட அப்படியே இருந்தது.

அந்தக் காக்கைச் சத்தத்தை நீக்கத்தான் பாட்டை ஜெபசிங்கிடம் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவன். போனில் தானாகவே தட்டித் தடவி மெட்டுப் போடக் கற்றுக்கொண்டவளுக்கு அந்த ஒரு வித்தை பிடிபடவில்லை. இந்த வாரம் தருகிறேன் என்றான். அடுத்த வாரம் என்றான். பிறகு அவள் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

ஹம்மிங் ஏறியது. இன்னும் ஏறியது. இறங்க வேண்டிய இடத்தில் வெட்டுப்பட்டது. அங்கே ஒரு கூட்டம் கத்தியது.

"செண்பகராஜ்! நம்ம அண்ணன் செண்பகராஜ்!"

அப்பாவை அடித்துப்போட்ட மணல் லாரியின் நெற்றியில் எழுதியிருந்த பெயர். அன்றைக்கு அந்த லாரி ஊருக்குள் வரவே இல்லை என்று சாட்சிகளைச் சொல்லவைத்த பெயர்.

அந்தப் பெயருக்கு முன்னால் அவள் குரல். கட்டியம் கூறுவதுபோல.

ஈரக்காலோடு ஓடிப்போய் ஆட்டோவை மறித்தாள்.

டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார். "என்னம்மா, நோட்டீஸ் வேணுமா?"

"அண்ணாச்சி, இது எம் பாட்டு."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுதாவ. ஊருக்கே புடிச்சுப்போச்சு."

அவருக்கு விளங்கவில்லை. விளக்க அவளுக்குப் பொறுமையில்லை. உள்ளே குனிந்தாள். பின் சீட்டில் இருந்த ஆம்ப்ளிஃபயரின் வயரைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தது.

தெரு ஊமையானது.

"ஏய்! கிறுக்கு புடிச்சிட்டா ஒனக்கு?"

வயரைச் சாக்கடையில் எறிந்துவிட்டுத் திரும்பி நடந்தாள். டிரைவர் பின்னால் கத்திக்கொண்டே இருந்தார்.  போனில் ஜெபசிங்கைக் கூப்பிட்டாள்.

இந்தத் தடவை எடுத்தான்.

"ஒரு முனங்கலுக்குப் போயி எதுக்கு இந்தக் குதி குதிக்கே? ஊரு பூரா கேக்குல்லா. சந்தோசப்படு."

கேட்க நூறு கேள்வி இருந்தது.  அதற்குள் அவன் வைத்துவிட்டான்.

வீட்டுக்குள் வந்தாள்.

பின்வாசலில் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் முறம். முறத்தில் இலை, தூள், நூல்.

அம்மா பாடிக்கொண்டிருந்தாள்.

அப்பா போனதிலிருந்து அந்த வாய் ஒரு பாட்டையும் தொட்டதில்லை. இன்றைக்குத் தொட்டிருக்கிறது. அதுவும் இந்த மெட்டை. சந்தைக்குப் போன இடத்தில் கேட்டிருக்க வேண்டும்.

அவளுக்குத் தலைக்குள் கொதித்தது. நீயுமா? அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டுமா? கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

அம்மாவின் குரல் ஏறியது. இன்னும் ஏறியது.

நின்றது.

உதட்டை இறுக்கிக்கொண்டாள் அம்மா. பீடியின் தலையை மடக்கிக் குத்தினாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

ஏறி, ஏறி, அதே இடத்தில் நின்றது. அந்தப் பெயர் வர வேண்டிய இடம். அம்மாவின் வாயில் அது வரவில்லை.

அவள் மெல்லப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த தடவை அம்மா நிறுத்தியபோது, அங்கிருந்து அவள் எடுத்தாள். ஆட்டோவில் இல்லாத பகுதி. குரல் படிப்படியாக இறங்கி, தரைக்கு வந்து, அடங்கும் இடம்.

அம்மாவின் விரலில் நூல் அப்படியே நின்றது.

"ஏட்டி இசக்கி. இதுக்கு மேல உள்ளது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான் போட்டதும்மா."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். குளியலறையில் தட்டும் வாளியும் படும் பாட்டை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறாள். இப்போது திட்டவில்லை.

"அவனுக்கு யாரு குடுத்தா?"

"ஸ்டூடியோ ஜெபசிங். காக்காச் சத்தத்த எடுக்கச் சொல்லி அவன்ட்ட குடுத்தேன். அவன் அங்க குடுத்துட்டான்."

 அம்மா சுற்றிய பீடியைக் கட்டோடு சேர்த்தாள். நூலை அறுத்தாள்.

"முழுசாப் பாடு."

பாடினாள். கோபத்தில் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

பிறகு முறத்தை இறக்கி வைத்தாள். மடியில் இருந்த தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள். கொண்டையை இறுக்கி முடிந்தாள்.

"அவன் கடை எங்கட்டி இருக்கு?"

சந்தைக்கே வெறுங்காலோடு போய் வருகிறவள், கட்டிலுக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடினாள்.

ஒன்றுதான் கிடைத்தது.

"இது போதும்" என்றாள்.