சட்டத்துக்குள் இருந்த அக்கா

கரையோரம், இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பாறை. அதில் அக்கா தங்கையாக இரண்டு பவளங்கள் வாழ்ந்தன. கடலை ஆராய வந்த செசிலி அம்மா அந்தப் பாறையில் ஓர் இரும்புச் சட்டத்தைப் பதித்தார். அக்கா சட்டத்துக்குள் அகப்பட்டது. தங்கை ஒரு சாண் தள்ளி வெளியே நின்றுவிட்டது.

வரும்போதெல்லாம் அம்மா சட்டத்துக்குள் படிந்த சேற்றைக் கையால் தள்ளிவிட்டு, அதற்குள் உயிரோடு இருக்கும் பவளங்களை மட்டும் எண்ணிக்கொண்டு போவார். பாறை நலமாக இருக்கிறது என்று அவர் எழுதினார். உலகமே அதைப் படித்தது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அக்கா, எனக்கு மூச்சு முட்டுது. அந்த அம்மா வந்தா என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லேன்" என்றது தங்கை.

"சொல்லாமலா இருப்பேன்? நம்ம பாறைன்னா அவங்களுக்கு உசிருடி."

ஆனால் அம்மா வரவில்லை. அவர் இறந்துபோன பிறகு அவருடைய மாணவர்கள் வந்தார்கள். தண்ணீரில் நின்றபடியே தலைகுனிந்து அவரை நினைத்துக்கொண்டார்கள். பிறகு அவர் கற்றுக்கொடுத்தபடியே சட்டத்தின் மேல் குனிந்து, சேற்றைத் தள்ளினார்கள்.

"கொஞ்சம் அந்தப் பக்கமும் பாருங்க!" என்று அக்கா கத்தியது. யார் காதிலும் விழவில்லை.

"அம்மா எழுதினது இன்னைக்கும் அப்படியே இருக்கு" என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் கை தள்ளிய சேறு சற்று நேரம் தண்ணீரில் மிதந்தது. பிறகு மெல்ல இறங்கித் தங்கையின் மேல் படிந்தது. அக்கா தங்கையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தது.

சட்டத்துக்குள் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.