மின்மினி வராத வயல்

"யப்பா, இன்னிக்கும் மின்மினி வரலயா?"

மூன்று நாள் காய்ச்சலில் அபிதாவின் குரல் உள்ளே போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அவர்கள் வயல் ஒரு பொட்டு மினுக்கம்கூட இல்லாமல் கிடந்தது.

"பக்கத்துல பிளாட் போட்டு லைட் வச்சிட்டாங்கல்லம்மா, அதுல பயந்து ஓடிடுச்சி," என்றான் மணிமாறன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஜெயப்பிரியா மகளின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றினாள். கணவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன், வயலில் அடித்த பூச்சிமருந்து நெடியில் அபிதாவுக்கு மூச்சு முட்டி, பிழைத்ததே பெரிய விஷயம். இனி இந்த மண்ணில் ஒரு சொட்டு விஷம் விழாது என்று அன்றைக்கே இருவரும் மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள். அடுத்த கோடையில் வயல் முழுக்க மின்மினி.

சத்தியம் செய்வதற்கு என்ன, வாய் இருந்தால் போதும். போன வாரம் கதிர் வரும் நேரத்தில் புகையான் பூச்சி இறங்கி, பயிர் திட்டுத்திட்டாகக் கருகியதும் அவனுக்கு உறுதியெல்லாம் ஆடிப்போயிற்று.

மனைவி திருக்கனூரில் உள்ள அம்மா வீட்டுக்குப் போன நாள் பார்த்து மருந்து வாங்கி வந்தான். வேப்பெண்ணெய் தெளிக்க அவன் வைத்திருந்த ஸ்பிரேயரைத் தோளில் மாட்டினால் எப்போதும் அவனுக்குச் சரியாக இருக்கும் பட்டை அன்று இறுக்கிப் பிடித்தது. தளர்த்திவிட்டுக்கொண்டு அவசர அவசரமாக அடித்து முடித்தான்.

மறுநாளே மகளுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்றார் டாக்டர். மனசு கேட்டால்தானே?

அபிதா கண்ணயர்ந்ததும் மெல்லக் கேட்டான். "ஏண்டி, எம்மேல கோவமா?"

"இல்லய்யா."

"பின்ன ஏன் மூஞ்சிய பாக்க மாட்டேங்கற?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "புள்ளைக்கு இன்னா ஆவுமோன்னு பயமா இருக்குய்யா."

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"நாந்தாண்டி பாவி! புள்ள தலையில அடிச்ச சத்தியத்த மீறிட்டேன். நீ வூட்டுல இல்லாதப்ப வயலுக்கு மருந்தடிச்சிட்டேன்."

திட்டுவாள், அடிப்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு மெல்ல நிமிர்ந்தான். மூன்று நாளில் முதல் முறையாக ஜெயப்பிரியா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீயுமா?"