ஜெயந்திரன் குரலில் ஒரு சிபாரிசு

சிரிப்பு கடைசியில்தான் வரும். அவசரப்படாதீங்க. எனக்கே அது ரொம்ப லேட்டாகத்தான் வந்தது.

எனக்கு எல்லார் குரலும் வரும். அடுத்த வீட்டு பவுனம்மாள் ஆன்டி குரலில் "மழை வருது, துணிய எடுங்க" என்று கத்தி, பளீர் வெயிலில் அந்த வீட்டு அங்கிளை வாசலுக்கு ஓட வைத்திருக்கிறேன். கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் லேட் என்று அறிவித்து இரண்டு பேரைத் திட்ட வைத்திருக்கிறேன்.

வராத ஒன்று, வாய்ப்பு.

மொபைல் கேம் போட்டிகளுக்குத் தமிழில் கமெண்டரி சொல்ல வேண்டும், அதுதான் என் ஆசை. பழைய ஆட்டங்களைச் சத்தத்தை அடைத்துவிட்டு ஓடவிடுவேன். மேலே நானே பேசிப் பதிவு செய்வேன். போட்டி நடத்துகிற எல்லாருக்கும் அனுப்பினேன். பதில் போட்டது நிரஞ்சனி அக்கா மட்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் கடை மாடியில் ஹால் எடுத்துப் போட்டி நடத்துகிறவர்.

எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா தம்பி என்று கேட்டிருந்தார். மைக் கொடுத்தால்தானேக்கா எக்ஸ்பீரியன்ஸ் வரும் என்றேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான்.

ஜெயந்திரன் அண்ணன் சொன்னால் அக்கா கேட்பார். இங்கே தமிழ் கேமிங் கமெண்டரி என்றாலே அவர்தான். அதனால் ஜெயந்திரன் அண்ணனே அக்காவுக்குப் போன் செய்தார்.

நான்தான்.

தொண்டையைச் செருமினேன். அந்தக் கரகரப்பு, கடைசியில் அந்த இழுவை, எல்லாம் போட்டேன்.

"நிரஞ்சனி, ஜெயந்திரன் பேசறேன். என் போன்ல பேட்டரி போச்சு, இது பையன் ஒருத்தனோட போன். சனிக்கிழமைக்கு ஆள் தேடறியாமே. இவன உக்கார வை லா. குகன்னு பேரு. நல்லா பேசுவான்."

அந்தப் பக்கம் தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"நீங்க சொன்னா சரிண்ணே" என்றார் அக்கா.

எப்படி என் வேலை? சனிக்கிழமை அண்ணனுக்கு ஜொகூரில் வேறு போட்டி என்பதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த வேலையே செய்தேன்.

சனிக்கிழமை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்கா லேப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டே, ஜொகூர் போட்டி தள்ளிப்போய்விட்டதாம், உன் பார்ட்னர் வந்துட்டார் பார் என்றார்.

படியேறி வந்தது ஜெயந்திரன் அண்ணன்.

"அண்ணே, நீங்க சொன்ன பையன்."

முடிந்தது. 'எந்தப் பையன்' என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும். போட்டி நடத்துகிறவர்கள் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள். பூச்சோங் முதல் ரவாங் வரை எனக்கு எவனும் மைக் தரமாட்டான்.

எழுந்து "வணக்கம்ணே" என்றேன். என் சொந்தக் குரல் பாதி வார்த்தையில் உடைந்தது.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவன்தானா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பெரிய ஆட்கள் நூறு பேரைச் சிபாரிசு செய்வார்கள், மறந்திருப்பார், மறந்ததைச் சொல்ல வெட்கப்படுகிறார். இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அவர் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹெட்செட்டைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. வாயைத் திறந்தேன். பயத்தில் என் வாயிலிருந்து வந்தது அவர் குரல். செருமல், கரகரப்பு, இழுவை எல்லாம் அப்படியே. சொந்தக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஆன்லைனில் பார்க்கிறவர்கள் திரையில் எழுத ஆரம்பித்தார்கள். இன்று ரெண்டு ஜெயந்திரனா?

அண்ணன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். இதோ சொல்லப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணே அண்ணே, புதருக்குள்ள மூணு பேரு ஒளிஞ்சிருக்கானுங்கண்ணே."

கீச்சுக் குரல். பாதி வார்த்தையில் உடைகிறது. அது நான். அந்த ஒரு வணக்கத்திலிருந்தே என் குரலை எடுத்துவிட்டார்.

ஊரையே மிமிக்ரி செய்திருக்கிறேன், என்னை யாரும் செய்ததில்லை. காது சூடாகிவிட்டது. அவர் விடவில்லை. கீச்சுக் குரலிலேயே "சொல்லுங்கண்ணே, அடுத்து என்னண்ணே" என்று என்னைக் கேட்கிறார். அவர் குரலில் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வேறு வழியில்லாமல் என் குரலைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

கடைசி ஆட்டம், இரண்டு பக்கமும் சமம். "எல்லாரும் நடுவுல அடிச்சிக்கிறானுங்க, ஒருத்தன் மட்டும் பின்னால போய் கோட்டையத் தட்டிக்கிட்டு இருக்கான், யாராச்சும் திரும்பிப் பாருங்களேன்டா" என்று கத்தினேன். குரல் உடைந்தது. கவலைப்பட நேரமில்லை. கோட்டை விழுந்தபோது ஹாலே எழுந்து நின்றது. அண்ணன் குறுக்கே பேசாமல் அதை எனக்கே விட்டுவிட்டார்.

முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டேன். அவருக்கு ஞாபகம் வருவதற்குள் ஓடிவிட வேண்டும். கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறியதும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஒரே போனில் ரெண்டு பேரை ஏமாற்றியிருக்கிறேன்.

"தம்பி" என்றார் அண்ணன். "அடுத்த வாரம் பூச்சோங்ல நிரஞ்சனி போட்டி நடத்தறா. என் இடத்துல நீ போ. அவகிட்ட சொல்லிடு."

"நான் சொன்னா கேப்பாங்களாண்ணே?"

"என் குரல்ல சொல்லு."

படிக்கட்டில் வைத்த கால் அங்கேயே நின்றுவிட்டது.

அக்கா வயரைச் சுருட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "சாப்பாட்டு நேரத்துல மட்டும் கூப்பிடாத லா. அன்னிக்கு இவரு என் எதிர்லதான் மீ கோரேங் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. ஸ்பீக்கர்ல போட்டேன். வாய் நிறைய நூடுல்ஸ வெச்சிக்கிட்டு, சரின்னு சொல்லு, சரின்னு சொல்லுன்னு கையக் காட்டறாரு."