பிணைக்கு வந்தவர்

"மிஸ், எப்படியாவது பளீல் நானாவ இண்டைக்கு வெளியில எடுக்கணும். வெள்ளிக்கிழமை மகள்ட கல்யாணம்!"

திருகோணமலை நீதிமன்ற வாசலில் நின்று கெஞ்சினார் ஜவாஹிர். தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார். விளக்கமறியலில் கிடக்கும் பளீலுக்காகக் கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து சேர்ந்திருந்தார்.

"அடிச்ச வழக்கு. முறைப்பாட்டுக்காரர் எதிர்த்தா பிணை கஷ்டம்," என்றார் சட்டத்தரணி கீர்த்தனி.

"அவர் எதிர்க்கமாட்டார் மிஸ். அதுக்கு நான் பொறுப்பு."

"பிணைக்கு ஆள் வேணுமே?"

"அதுக்கும் நான் நிக்கிறன்."

கீர்த்தனி நெகிழ்ந்துபோனார். "இப்படி ஒரு சொந்தக்காரர் கிடைக்க அந்த மனுசன் குடுத்துவைச்சவர்."

ஜவாஹிர் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டார்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். கூண்டில் பளீல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"அகப்பையால் மண்டையை உடைத்திருக்கிறார். அடி வாங்கியவர் வந்திருக்கிறாரா?" என்று கேட்டார் நீதவான்.

ஜவாஹிர் மெல்லத் தொப்பியைக் கழற்றினார். உச்சந்தலையில் ஐந்து தையல்.

"நான்தான் ஐயா."

"பிணைக்கு நிற்பவரும் நீங்கள்தானே?"

"ஓம் ஐயா. ருசி பாக்கத் தந்த புரியாணியில உப்புக் குறைவெண்டு சொல்லிட்டன், அடிச்சுப்போட்டார். ஆனா என்ட மகள்ட கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்க இவர விட்டா எங்கட ஊரில ஆளில்ல."

நீதவான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தார். அதற்குள் கூண்டிலிருந்து பளீலின் குரல் எழுந்தது.

"உப்பு சரியாத்தான் இருந்ததெண்டு முதல்ல அவர சொல்லச் சொல்லுங்க ஐயா. இல்லாட்டி நான் உள்ளயே இருக்கன்!"