அழுத முகத்தில் யாரும் இல்லை

மூன்றாம் வகுப்புச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. அதில் ஒரு சிரித்த முகம், ஒரு அழுத முகம். காலையில் வந்ததும் பிள்ளைகள் தங்கள் பெயர் எழுதிய கிளிப்பை, அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தில் மாட்ட வேண்டும்.

முப்பத்திரண்டு கிளிப்பும் சிரித்த முகத்தில்தான் தொங்கின. பாரம் தாங்காமல் அதன் ஓரமே கிழிந்துவிட்டது.

"எங்கிட்ட ஒருத்தரும் வர்றதில்லையே," என்றது அழுத முகம்.

"வந்தா 'அழுமூஞ்சி'ன்னு கேலி பண்ணுவாங்க," என்றது குயிலியின் கிளிப். "எங்க குயிலியோட பூனை மூணு நாளா வீட்டுக்கு வரலை. ஆனாலும் என்னை இங்கதான் மாட்டினா."

"இங்க பாதிப் பேர் அப்படித்தான்," என்று முனகியது சிரித்த முகம். "என்னை இப்படி வரைஞ்சுட்டாங்க, நான் சிரிச்சுத்தானே ஆகணும்!"

அடுத்த நாள் டீச்சர் ஒரு புதுக் கிளிப்பில் தன் பெயரை எழுதி அழுத முகத்தில் மாட்டினார். "எங்க அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. அதான்," என்றார். யாரும் கேலி செய்யவில்லை.

குயிலி எழுந்து வந்தாள். "எங்க பூனையைக் காணோம்," என்று சொல்லி, தன் கிளிப்பைக் கழற்றி டீச்சரின் கிளிப்புக்குப் பக்கத்தில் மாட்டினாள். மணி அடிப்பதற்குள் அங்கே பதினோரு கிளிப் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை குயிலியின் கிளிப் சிரித்த முகத்துக்குப் போய்விட்டது.

"பூனை வந்துடுச்சா?" என்று ஆசையாகக் கேட்டது அழுத முகம்.

"இன்னும் வரலை. சாயங்காலம் தேடறதுக்கு எங்ககூட நாலு பேர் வர்றாங்க."